முப்பத்தாறாவது மணி

ஜனவரி 14

அன்புள்ள அப்பாவுக்கு,

(அம்மா, உறையைப் பிரித்து நீ முதலில் படித்துவிட்டுத்தான் அப்பாவிடம் கொடுப்பாய் என்று தெரியும். ஆகவே உனக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.)

நான் நன்றாக இருக்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். காது மெஷினுக்குப் புது பேட்டரி போட்டாயிற்று. அப்பா, உங்கள் இருமல் நின்றதா? ஊருக்கெல்லாம் இருமல் மருந்து எடுத்துக் கொடுக்கிறவர், தனக்கு மட்டும் வெந்நீர் போதும் என்று திரிய வேண்டாம்.

புது வேலையில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. எங்கள் லேப் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் கடைசி அறை. ஜன்னல் ஒன்றே ஒன்று. திறந்தால் சலவைக்கூடத்தின் ஆவி முகத்தில் அடிக்கும். உள்ளே பெரிய பிரிட்ஜ் மாதிரி ஒரு மெஷின். அதில் வரிசை வரிசையாகக் குழிகள், குழிக்கு ஒரு பாட்டில். நோயாளியின் ரத்தத்தைப் பாட்டிலில் விட்டு உள்ளே செருகிவிடுவோம். ரத்தத்தில் கிருமி இருந்தால், அது பாட்டிலுக்குள் இருப்பதைத் தின்று கொழுத்து மூச்சு விடும். உடனே பாட்டிலின் அடியில் உள்ள பச்சை வட்டம் மஞ்சளாகும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மெஷின் ஒவ்வொரு பாட்டிலையும் எட்டிப் பார்க்கும். நானும் பார்ப்பேன்.

மற்றவர்கள் முடிவை வார்டுக்குப் போனில் சொல்லிவிடுகிறார்கள். எனக்குப் போனில் வரும் பேச்சு பாதிதான் வந்து சேரும் என்பது உங்களுக்குத் தெரியும். நாம் இந்தக் காலத்திலும் கடிதம் எழுதிக்கொண்டிருப்பது அதனால்தானே. ஆகவே நான் சீட்டை எடுத்துக்கொண்டு மூன்று மாடி ஏறிப் போகிறேன். அப்படிப் போனதால்தான் பச்சைக்குழந்தைகள் வார்டைப் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் மாதம் முடியும் முன்பே வந்துவிட்ட ஒரு குழந்தை. ஒன்றுக்கு ‘மிளகு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆயிரத்து நூறு கிராம். அதன் பாதம் என் கட்டைவிரல் நீளம்.

ஒரு விஷயம் எனக்குப் பிடிபடவில்லை. குறைமாதக் குழந்தை பிறந்த உடனே ஒரு மில்லி ரத்தம் எடுத்து எங்களுக்கு அனுப்புகிறார்கள். அதே கையோடு இரண்டு வகை ஆன்டிபயாடிக் ஊசி தொடங்குகிறார்கள். தாயிடமிருந்து கிருமி வந்திருந்தால் அவ்வளவு சின்ன உடம்பு தாங்காது, அது நியாயம். ஆனால் மிளகின் பாட்டிலில் எதுவும் வளரவில்லை. ஆறாம் நாள் நான் போனபோதும் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். நீங்கள் முப்பது வருஷம் மருந்துக் கடையில் நின்றவர். ஏன் நிறுத்த மாட்டேன் என்கிறார்கள்?

இன்னொன்று. நானும் ஏழாம் மாதத்தில் பிறந்தவள்தானே. எனக்கு என்ன ஊசி போட்டார்கள், எத்தனை நாள்? நினைவிருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
பாப்பா


ஜனவரி 25

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே இருவரும் சௌக்கியம். இருமல் போய்விட்டது, வெந்நீரால்தான். அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முகம் சுளிக்கிறது. மூன்று மாடி ஏறுகிறாயே, அங்கே லிப்ட் கிடையாதா?

நீ கேட்டதற்கு வருகிறேன். மருந்து என்பது குடை மாதிரி. மழை வரவில்லை என்பதற்காகக் குடை எடுத்துப் போனவனை யாராவது திட்டுவார்களா? ஆறு நாள் போட்டார்கள் என்றால் பெரியவர்கள் ஏதோ யோசித்துத்தான் போட்டிருப்பார்கள். நீ சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. வேலையைப் பார், சீட்டைக் கொடு, வந்துவிடு. புது இடத்தில் மூக்கை நுழைக்காதே.

கடையில் அலமாரிக்கு வண்ணம் அடிக்கிறோம். வாசனை தாங்காமல் வாடிக்கையாளர்கள் வாசலில் நின்றே வாங்கிக்கொண்டு போகிறார்கள். வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

ஆசிகளுடன்,
அப்பா

*அம்மா எழுதுவது:* உறையை ஒட்டும் வேலை என்னுடையது என்பதால் அவருக்குத் தெரியாமல் இரண்டு வரி. உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார். பச்சை வட்டம் மஞ்சளாவதைக் கடைக்கு வந்த அத்தனை பேருக்கும் விளக்கியாயிற்று. தலைவலி மாத்திரை வாங்க வந்த ஒரு மனிதர் கால்மணி நேரம் நின்று கேட்டுவிட்டுத்தான் போனார், பாவம்.


பிப்ரவரி 10

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். அம்மாவின் முழங்காலுக்கு மாடிப்படிதான் எதிரி என்றால் கட்டிலைக் கீழே கொண்டு வந்துவிடுங்கள். லிப்ட் இருக்கிறது, ஆனால் அது வந்து சேர்வதற்குள் நான் ஏறி இறங்கிவிடுவேன்.

மூக்கை நுழைக்காதே என்றீர்கள். நுழைத்துவிட்டேன்.

வார்டில் ஒரு ஹெட் சிஸ்டர் இருக்கிறார். எல்லோரும் அவரை ‘போலீஸ்’ என்பார்கள். கை கழுவாமல் யார் உள்ளே வந்தாலும், பெரிய டாக்டரே ஆனாலும், வாசலிலேயே மறித்துவிடுவார். என்னிடம் பேசும்போது மட்டும் முகக்கவசத்தை இறக்கி, உதடு தெரியும்படி நின்று பேசுவார். நான் சொல்லாமலே அவர் செய்தது அது. அவரிடம்தான் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்து நேரே அந்த வார்டைப் பார்த்துக்கொள்ளும் டாக்டரம்மாவின் மேஜைக்கு இழுத்துப்போனார்.

“டாக்டர், லேப்ல இருந்து வந்திருக்கா. கேள்வி ஒண்ணு வெச்சிருக்கா, கேளுங்க.”

டாக்டரம்மா கோபப்படவில்லை. என்னைக் கேட்டார்: “உங்க ரிப்போர்ட் என் கைக்கு எப்ப வருது, சொல்லு?”

“அஞ்சாம் நாள், டாக்டர்.”

“அதுக்குள்ள எந்தத் தைரியத்துல நான் நிறுத்துவேன்? அஞ்சு நாள் போட்டாச்சு, இன்னும் ரெண்டு நாள் போட்டு முடிச்சுடலாம்னு ஏழு நாள் ஆயிடுது. அந்த ஊசி நல்ல கிருமியையும் சேர்த்துக் கொல்லுது, குடலைக் கெடுக்குது, அடுத்த தடவை மருந்துக்கு அடங்காத கிருமியை வளர்த்து விடுது. எல்லாம் தெரியும். ஆனா கையில சீட்டு இல்லாம நிறுத்தறது எப்படி?”

மூன்று மாடி இறங்கும் வரை எனக்கு முகம் சுட்டது. தப்பு வார்டில் இல்லை, எங்கள் அறையில். ஐந்து நாள் முடிந்தால்தான் ‘வளரவில்லை’ என்று எழுத வேண்டும் என்பது எங்கள் பழக்கம். நடுவில் எட்டிப் பார்த்துச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது பழைய பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். பிறந்த முதல் நாளில் எடுத்த ரத்தத்தில் எத்தனை பாட்டில் மஞ்சளானது, எத்தனையாவது மணியில் ஆனது என்று. உணவு இடைவேளையில்தான் நேரம் கிடைக்கிறது. பயப்படாதீர்கள், ஒரு கையில் சாப்பாடும் இருக்கிறது.

என் ஊசி விஷயம் கேட்டிருந்தேனே, எழுத விட்டுப்போய்விட்டதா?

அன்புடன்,
பாப்பா


மார்ச் 2

அன்பு மகளுக்கு,

எல்லோரும் நலம். கட்டில் கீழே வந்துவிட்டது. இப்போது அம்மா மாடிக்கே வர மாட்டேன் என்கிறாள்.

வண்ணம் அடித்த அலமாரி நன்றாக வந்திருக்கிறது. பழைய பலகை ஒன்றில் கரையான், மாற்றிவிட்டோம். எதிர்ச்சாரியில் புதிதாக ஒரு மருந்துக் கடை வரப்போகிறதாம். வரட்டும்.

நீ செய்வதை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். நிறுத்தச் சொல்லி, நிறுத்தி, ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? டாக்டருக்குப் பின்னால் பத்துப் பேர் நிற்பார்கள். உனக்குப் பின்னால் யார் நிற்பார்கள்? யோசித்துச் செய்.

ஆசிகளுடன்,
அப்பா

*அம்மா எழுதுவது:* அந்த ஊசிக் கேள்வியை அவரிடம் மறுபடி கேட்காதே, கண்ணு. நீ அதைக் கேட்டு எழுதிய இரண்டு கடிதமும் வந்த நாட்களில் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. கட்டிலை இறக்கிய அன்று மூட்டு வலிக்குத் தைலம் தேய்த்துவிட்டபோது ஏதோ சொல்ல வந்தார், பிறகு அலமாரியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.


மார்ச் 20

அன்புள்ள அப்பா, அம்மா இருவருக்கும்,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு இன்று கால் தரையில் படவில்லை.

ஒரு வருஷத்துப் பதிவேடு. பிறந்த முதல் நாளிலேயே ரத்தம் அனுப்பப்பட்ட குறைமாதக் குழந்தைகள் இருநூற்றுப் பன்னிரண்டு. அவர்களில் பாட்டில் மஞ்சளானது ஐந்து பேருக்கு. அந்த ஐந்தும் இருபத்தெட்டு மணி நேரத்துக்குள் மஞ்சளாகிவிட்டன. அதற்குப் பிறகு ஒன்றுகூட ஆகவில்லை. மீதி இருநூற்று ஏழு குழந்தைகளில் முக்கால்வாசிப் பேர் ஏழு நாளும் ஊசி வாங்கியிருக்கிறார்கள்.

நேற்று எல்லா டாக்டர்களும் இருந்த கூட்டத்தில் இதைச் சொன்னேன். எங்கள் லேப் தலைவர்தான் சொல்வார் என்று நினைத்திருந்தேன். அவர் தொண்டையைச் செருமிவிட்டு, “தேடினது இந்தப் பொண்ணு, அவளே சொல்லட்டும்” என்று உட்கார்ந்துவிட்டார். பின் வரிசையிலிருந்து யாராவது கேட்டால் என் காதில் விழாமல் போகுமே என்று பயந்தேன். போலீஸ் சிஸ்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு கேள்வியையும் வாயசைத்துத் திருப்பிச் சொன்னார்.

முடிவு இதுதான். ஊசி முன்போலவே பிறந்த உடனே தொடங்கும். அதில் கை வைக்கவில்லை. முப்பத்தாறாவது மணியில் நான் பாட்டிலைப் பார்த்துச் சீட்டு எழுதுவேன். எதுவும் வளராமல், குழந்தையும் நன்றாக இருந்தால், டாக்டரம்மா பார்த்து அன்றே நிறுத்துவார். பாட்டில் ஐந்து நாளும் மெஷினிலேயே இருக்கும், மஞ்சளானால் ஓடுவேன். குழந்தைக்கு மூச்சோ நிறமோ கொஞ்சம் மாறினாலும் சீட்டைத் தூர வைத்துவிட்டு மறுபடி ஊசி. அப்பா, உங்கள் குடையை யாரும் பிடுங்கவில்லை. வெயில் அடித்த பிறகு மடக்குகிறோம், அவ்வளவுதான்.

இன்று பகல் பதினொன்றேகாலுக்கு முதல் சீட்டு. மூன்றாம் நம்பர் பெட்டி, பெண் குழந்தை. டாக்டரம்மா சீட்டைப் படித்தார், குழந்தையைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார். “நிறுத்திடுங்க” என்றார். சிஸ்டர் அதன் கையிலிருந்து ஊசிக் குழாயை உருவி எடுத்தபோது அது ஐந்து விரலையும் விரித்து நீட்டி மடக்கியது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

நான் கேட்டிருந்த பழைய விஷயத்தை விட்டுவிடுங்கள். அவசரம் இல்லை.

அன்புடன்,
பாப்பா


ஏப்ரல் 6

அன்பு மகளுக்கு,

இங்கே சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

இருநூற்றுப் பன்னிரண்டில் ஐந்து. கணக்கைச் சரியாகத்தான் பார்த்தாயா? இன்னொரு தடவை கூட்டிப் பார். நான் உன்னைச் சந்தேகப்படவில்லை. கூட்டிப் பார்த்தால் நல்லது.

மூன்றாம் நம்பர் குழந்தை இப்போது எப்படி இருக்கிறது? பால் குடிக்கிறதா? எடை ஏறியதா? அதற்குப் பிறகு எத்தனை பேருக்கு நிறுத்தினீர்கள்? எல்லோரும் நன்றாக இருக்கிறார்களா? ஒவ்வொன்றாக எழுது.

அப்பா

*அம்மா எழுதுவது:* இந்தத் தடவை ஆசிகளையே மறந்துவிட்டார், பார்த்தாயா. கூட்டத்தில் நீ பேசியதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் உள்ளே போனார். பத்து நிமிடம் என்ன கண்ணாடி துடைப்பது? “உங்க பொண்ணுதான?” என்று கேட்டேன். “உன் பொண்ணும்தான்” என்றார். அவ்வளவுதான் வாயிலிருந்து வந்தது.


மே 11

அன்புள்ள அப்பாவுக்கு,

ஒன்றரை மாதமாக எழுதவில்லை, மன்னியுங்கள். எனக்கு ஒன்றும் இல்லை. சாப்பிடுகிறேன்.

முப்பத்தோரு குழந்தைகளுக்கு நிறுத்தினோம். முப்பது பேர் நன்றாக இருக்கிறார்கள். முப்பத்தோராவது, ஆறாம் நம்பர் பெட்டி ஆண் குழந்தை. பிறந்து ஒன்பதாம் நாள், இன்று காலை, மூச்சை மறந்து மறந்து விட்டது. நிறம் சாம்பலாகிவிட்டது. உடனே ரத்தம் எடுத்து, ஊசி தொடங்கிவிட்டார்கள். பாட்டில் என்னிடம் வந்திருக்கிறது. இன்னும் பச்சைதான்.

யாரும் என்னை எதுவும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது. சின்ன டாக்டர் ஒருவர் மட்டும் சீட்டுக் கட்டைப் புரட்டி என் கையெழுத்தைத் தேடி எடுத்து, பார்த்துவிட்டு, திருப்பி வைத்தார். அந்தக் குழந்தையின் அப்பா வராந்தாவில் என்னை நிறுத்திக் கேட்டார். “அன்னைக்கு மருந்தை நிறுத்தினதாலயாம்மா?” எனக்கு நன்றாகவே கேட்டது. கேட்காத மாதிரி நின்றுவிட்டேன். என் காதை இப்படி நான் ஒரு நாளும் உபயோகித்ததில்லை.

‘உனக்குப் பின்னால் யார் நிற்பார்கள்’ என்று கேட்டீர்களே, அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பாப்பா


மே 15

என் அருமை மகளே,

கடிதம் இப்போதுதான் வந்தது. கடையைச் சாத்திவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். அம்மாவும் நானும் உடம்புக்கு நன்றாகத்தான் இருக்கிறோம்.

பாட்டில் என்ன சொல்லியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. அது சொல்லும் முன்பே நீ உன் தலையில் எதையும் தூக்கி வைத்துக்கொள்ளாதே. அந்தக் குழந்தையின் அப்பாவிடம் போய், ‘எனக்கு இன்னும் தெரியாது’ என்று சொல். அவருக்கு அதுவே போதும். எனக்குத் தெரியும், நான் அந்த இடத்தில் நின்றவன்.

நீ இரண்டு தடவை கேட்டாய். சொல்கிறேன்.

நீ முப்பத்தோராவது வாரத்தில் பிறந்தாய். சின்ன மருத்துவமனை. நான் அப்போது வேறொருவரின் மருந்துக் கடையில் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறந்த அன்றே உனக்கு ஊசி தொடங்கினார்கள். மூன்றாம் நாள் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். “குழந்தை நல்லா மூச்சு விடுது. கிருமிக்கு அடையாளம் ஒண்ணும் தெரியல. ஊசியை நிறுத்திடலாம்னு பார்க்கிறேன்” என்றார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “சார், நிறுத்தாதீங்க. மருந்து நான் கொண்டு வர்றேன். எத்தனை வேணும்னாலும் கொண்டு வர்றேன்.” அவர் தேவையில்லை என்று இன்னொரு தடவை சொன்னார். நான் வாசலை விட்டு நகரவில்லை. எனக்கு மருந்து தெரியும் என்ற திமிர். கடையில் நாள் முழுக்க அதைத்தானே எடுத்துக் கொடுக்கிறேன். கடைசியில் அவர் தலையை ஆட்டிவிட்டார். பத்தொன்பது நாள், பாப்பா. ஒவ்வொரு நாளும் சைக்கிளில் நான்தான் கொண்டு போனேன். அத்தனை நாளும் எனக்கு என்னைப் பற்றி எவ்வளவு பெருமை தெரியுமா? என் மகளை நான் காப்பாற்றுகிறேன் என்று.

உனக்கு ஒன்றரை வயதில் சமையலறையில் ஒரு பாத்திரம் விழுந்தது. அம்மா துள்ளி எழுந்தாள். நீ முதுகைக் காட்டிக்கொண்டு விளையாடிக்கொண்டே இருந்தாய். மறுநாள் கடையில் அந்த மருந்துப் பெட்டியைப் பிரித்து, உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளை முதல் தடவையாக முழுக்கப் படித்தேன். காதைப் பற்றி அதில் எழுதியிருந்தது. எத்தனை மில்லி, எத்தனை வேளை என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அந்த வரியை மட்டும் நான் படித்ததே இல்லை.

வீட்டுக்கு வந்து, போன மாதம் வந்த காய்ச்சலால் இருக்கும் என்றேன். அதையே உன்னிடமும் சொல்லி வளர்த்தேன்.

‘நிறுத்தி ஒன்று ஆகிவிட்டால்’ என்று உன்னைக் கேட்டேனே, நிறுத்தாமல் என்ன ஆகும் என்பதை வீட்டிலேயே வைத்துக்கொண்டு கேட்டேன். நீ எனக்குப் பதில் எழுத வேண்டும் என்று இல்லை. அந்தக் குழந்தை எப்படி இருக்கிறது என்று மட்டும் ஒரு வரி எழுது.

அப்பா

*அம்மா எழுதுவது:* சொல்லிவிட்டார். எனக்கு இது இருபத்தாறு வருஷமாகத் தெரியும். எனக்கும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும் என்பதும், சட்டையைத் துவைக்கிறவள் பையில் இருக்கும் தாளைப் பார்ப்பாள் என்பதும் அவருக்குத் தோன்றவில்லை. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், அப்படியே இருக்கட்டும். நீ பார்த்து எழுது.


ஜூன் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

குழந்தை பிழைத்துவிட்டது. இதைத்தான் முதலில் எழுத வேண்டும்.

நான் உங்களுக்கு எழுதிய அன்றே, பாட்டில் மெஷினுக்குள் போன பதினான்காவது மணியில், அடி வட்டம் மஞ்சளானது. எடுத்து, கண்ணாடித் தகட்டில் தேய்த்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். தாயிடமிருந்து வரும் வகைக் கிருமி இல்லை. மருத்துவமனைக் குழாய்களிலும் கைகளிலும் குடியிருக்கும் வகை, பிறந்து பல நாள் கழித்து ஒட்டிக்கொள்வது. முதல் நாள் போடும் அந்த இரண்டு ஊசிகளுக்கும் அது அசையாது என்பது மறுநாள் சோதனையில் தெரிந்தது. ஏழு நாள் என்ன, ஒன்பது நாளும் போட்டிருந்தாலும் இது வந்திருக்கும். எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்த்துச் சீட்டு எழுதி மாடி ஏறினேன். மருந்தை மாற்றினார்கள். நான்காம் நாள் கன்னத்தில் நிறம் வந்தது. இப்போது பாலுக்கு அழுகிறான், நான் காது மெஷினைக் கழற்றினால்கூட எனக்குக் கேட்கும் போல.

அவன் அப்பாவிடம் போனேன். நீங்கள் சொல்வதற்கு முன்பே போய்விட்டேன். “எனக்கு இன்னும் தெரியல சார், தெரிஞ்ச உடனே முதல்ல உங்களுக்குத்தான் சொல்லுவேன்” என்றேன். அப்படியே சொன்னேன்.

இனி உங்கள் கடிதம்.

எனக்குக் கோபம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன். இரண்டு நாள் இருந்தது. ஊசிக்காக இல்லை, இத்தனை வருஷம் காய்ச்சல், காய்ச்சல் என்று சொன்னதற்காக. பள்ளிக்கூடத்தில் யார் கேட்டாலும் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு டாக்டரம்மாவிடம் கேட்டேன், பெயர் சொல்லாமல், யாரோ ஒரு குழந்தை மாதிரி. ஊசியாகவும் இருக்கலாம், அவ்வளவு சீக்கிரம் பிறந்ததாகவும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம், இப்போது யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது என்றார். அந்த ஊசி போடாத குழந்தைகளிலும் காது மந்தமானவர்கள் உண்டு. ஆகவே நீங்கள்தான் காரணம் என்று நான் எழுத முடியாது, நீங்கள் இல்லை என்றும் எழுத முடியாது. எனக்குத் தெரியாததைச் சீட்டில் எழுதும் பழக்கம் எனக்கு இல்லை.

தெரிந்ததை எழுதுகிறேன். அன்று அந்த டாக்டர் சொன்னது சரிதான். ஆனால் உங்கள் முன்னால் நீட்ட அவரிடம் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. உங்களிடம் ஒரு பயமும் ஒரு சைக்கிளும் இருந்தன. பத்தொன்பது நாள் மிதித்தீர்கள். இங்கே வராந்தாவில் நிற்கிற ஒவ்வொரு அப்பாவும் நீங்கள்தான். அவர்கள் கையில் நான் ஒரு சீட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இந்த வேலையை நான் செய்வதில் உங்களுக்குப் பெருமையா இல்லையா என்று நீங்கள் ஒரு நாளும் எழுதியதில்லை. எனக்கு உங்களைப் பற்றி உண்டு. இருபத்தாறு வருஷத்துப் பொய்யை மகளுக்கு எழுத்தில் எழுதிக் கொடுக்க எத்தனை பேருக்கு மனசு வரும்?

ஜூலையில் பக்கத்து மருத்துவமனைகளிலிருந்தெல்லாம் வருகிறார்கள், எங்கள் முறையைப் பார்க்க. நீங்களும் வாருங்கள். அம்மாவையும் கூட்டி வாருங்கள். லிப்ட் மெதுவாகத்தான் வரும், ஆனால் வரும்.

அன்புடன்,
உங்கள் பாப்பா


ஜூலை 22

அன்பு மகளுக்கு,

நேற்று சௌகரியமாக வந்து சேர்ந்தோம். பயணத்தில் அம்மா நன்றாகத் தூங்கினாள். நான் தூங்கவில்லை, களைப்பும் இல்லை. நீ உடம்பைப் பார்த்துக்கொள். நேரில் பார்த்தால் இளைத்துத்தான் இருக்கிறாய்.

உன் அறையைப் பார்த்தேன், மெஷினைப் பார்த்தேன், பச்சை வட்டத்தை என் கண்ணாலேயே பார்த்தேன். கடைக்கு வருகிறவர்களிடம் நான் சொல்லி வைத்தது பெரும்பாலும் சரிதான். கண்ணாடிக்கு வெளியே நின்று அந்தச் சின்ன உருவங்களையும் பார்த்தேன். போலீஸ் அம்மா என்னைக் கை கழுவ வைத்து, திருப்பியும் கழுவ வைத்தார். நல்ல மனுஷி. எதிர்ச்சாரிக் கடை திறந்துவிட்டது. இங்கே நான், சளிக்கெல்லாம் ஆன்டிபயாடிக் கேட்டால் டாக்டர் சீட்டு இல்லாமல் கிடையாது என்கிறேன். பாதிப் பேர் கோபித்துக்கொண்டு அங்கே போகிறார்கள். போகட்டும்.

உனக்குத் தெரியாத ஒன்றை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

கூட்டம் முடிந்து நீ லேப்புக்கு ஓடிவிட்டாய், முப்பத்தாறாவது மணி ஆகிறது என்று. அம்மா, கூட்டத்துக்கு வந்திருந்த டாக்டர்களோடு டீ குடிக்கப் போய்விட்டாள். நான் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒருவர், முப்பது வயது இருக்கும். கையில் பெயிண்ட் காய்ந்த கறை. வண்ணம் அடிக்கிற வேலை போலிருக்கிறது. நீ மேலே வந்து சீட்டைக் கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்துக் கையசைத்துவிட்டு இறங்கிப் போனாயே, அதற்குக் கொஞ்ச நேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்து அவரிடம் பேசினார். குழந்தை நன்றாக இருக்கிறது, ரத்தத்தில் கிருமி இல்லை, இன்றோடு ஊசியை நிறுத்துகிறோம், கவனமாகப் பார்த்துக்கொள்வோம் என்றார். அவர் தலையாட்டினார். டாக்டரம்மா உள்ளே போனதும் எழுந்து வார்டுக் கதவு வரை போய், திரும்பி வந்து உட்கார்ந்தார்.

என் பக்கம் திரும்பினார். “ஐயா, நீங்க பெரியவரு. இன்னும் நாலு நாள் போடச் சொல்லிக் கேட்கட்டுமா? வேற எங்கயாவது வாங்கிட்டு வரணும்னாலும் வாங்கிட்டு வந்துடுவேன்.”

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, பாப்பா. அந்த வார்த்தை அப்படியே என்னுடைய வார்த்தை. பிறகு கேட்டேன்.

“குழந்தை எப்படி இருக்கு?”

“பால் குடிக்குதாம். கண்ணைத் திறந்து பார்த்துச்சு, நானே பார்த்தேன்.”

“அப்ப உள்ள போய் டாக்டர்கிட்ட எத்தனை கேள்வி இருக்கோ அத்தனையும் கேளுங்க. பயமா இருக்குன்னே சொல்லுங்க, கோவிச்சுக்க மாட்டாங்க. ஆனா நாலு நாள் போடுங்கன்னு கையைப் பிடிக்காதீங்க. நான் முப்பது வருஷமா மருந்துக் கடையில நிக்கிறேன். எனக்குத் தெரிஞ்ச வரைக்கும், தேவை இல்லாத நாளைக்குக் கொடுக்கிற மருந்து சும்மா இருக்காது.”

அவர் இன்னும் தயங்கினார். “அந்தச் சீட்டை நம்பலாங்களா?”

“நம்பலாம். அந்தப் பாட்டிலைக் கீழ உட்கார்ந்து பார்க்கிறது என் பொண்ணு. இப்ப வந்து கொடுத்துட்டுப் போச்சே, அதுதான்.”

இதை நான் வேறு யாரிடமும் இத்தனை சத்தமாகச் சொன்னதில்லை. வராந்தாவில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் எழுந்து நின்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, “உங்க பொண்ணு டாக்டருங்களா?” என்று கேட்டார்.

“டாக்டர் இல்லப்பா,” என்றேன். “டாக்டருக்கே சொல்றவ.”

நிறைந்த மனதுடன்,
அப்பா